ஒன்றைத் தவிர

1

இந்தக் கதை என் கட்டைவிரலில் தொடங்கியது.

மே மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தேன். பூந்தமல்லி அப்துல் முத்தலிப் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ‘அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மனைவி லத்தீஃபாவும் ஹஜ் பயணம் செல்கிறோம். தெரிந்தோ தெரியாமலோ உங்களுக்கு ஏதேனும் தீங்கு செய்திருந்தால் மன்னித்து, எங்களுக்காகப் பிரார்த்திக்கவும்.’ கீழே ஒரு விமானப் படம். நான் வாயில் நுரையோடு ஒரு கட்டைவிரலைத் தட்டி அனுப்பினேன்.

வாய் கொப்பளித்த பிறகுதான் உறைத்தது. ஒரு மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். நானும் பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்வதும், பழைய மனத்தாங்கல்களுக்கு மாப்பு கேட்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கம். கடவுளுக்குச் செய்த குற்றத்தைக் கடவுள் மன்னித்துவிடுவார். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. எனக்கு எந்த மதத்திலும் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் சாமியே ‘இது என் கவுண்டர் இல்லை, பக்கத்து வீட்டில் கேள்’ என்று திருப்பி அனுப்புகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

‘மன்னிப்பு என்பது நவீன சமூகத்தில் ஒரு—’

[அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.]

‘மரணம் என்ற மாபெரும்—’

[இதையும்.]

ஆகவே, கட்டைவிரலிலேயே தொடங்கிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இனி ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டே பெண்கள்தான்.

குமணன்சாவடியில் நான் மாடியில் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஞானம்மாள். அவர் கணவர் கலியமூர்த்தி ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையராகி, இந்த வீட்டைக் கட்டி, அதில் சில வருடம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முத்தலிப்பும் அதே தொழிற்சாலைதான். இப்போது பூந்தமல்லியில் வண்டிகளுக்கு சீட் தைக்கும் கடை வைத்திருக்கிறார். குவார்ட்டர்ஸில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் ஞானம்மாள், அந்தப் பக்கம் லத்தீஃபா. இருவரும் அதை ஒரு சுவராக மதித்ததே இல்லை.

முதல் வரைவில் ஞானம்மாளை நெற்றி நிறைய விபூதியும் சாந்தம் தவழும் முகமுமாக எழுதியிருந்தேன். மறுநாள் காலை அவர் குப்பை வண்டிக்காரரோடு போட்ட சண்டை மாடிவரைக்கும் கேட்டது. வரைவைக் கிழித்துப் போட்டேன். அவருக்கு வாய் கொஞ்சம் அதிகம். கோவிலுக்குப் போவார்; போனால் பூசாரியையும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வருவார்.

ஏப்ரலில் ஒருநாள் துணி காயப்போட மாடி ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். ஜூனில் நாள் கொடுத்தார்கள். லத்தீஃபா மக்காவில் இருக்கும் நாட்கள் அவை.

“அவகிட்ட மூச்சு உடாத தம்பி,” என்றார் ஆட்டோவில் வரும்போது. “தெரிஞ்சா பயணத்த நிறுத்திட்டு என் பக்கத்துல வந்து ஒக்காந்துக்குவா. எத்தினியோ வருசம் பேரு குடுத்துட்டுக் காத்துகினு இருந்து இப்பத்தான் கெடச்சிருக்குது.”

ஆக, லத்தீஃபாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். நாம் எல்லோரும் கூட்டுக் களவாணிகள்.

3

‘லத்தீஃபா கேட்டைத் திறந்தபோது இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது—’

[பொய். அக்னி நட்சத்திரம்.]

லத்தீஃபா கேட்டைத் திறந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு வாரமாகப் பயணம் சொல்லிச் சொல்லி அவள் கால்கள் வீங்கியிருந்தன. நாத்தனார் வீடு, சம்பந்தி வீடு, எப்போதோ சண்டை போட்ட பழைய டெய்லர் வீடு என்று எல்லாம் முடிந்துவிட்டது. ஞானம்மாள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அங்கே மாப்பு கேட்பது வெறும் சடங்கு, கேட்டுவிட்டுக் காலை நீட்டி உட்காரலாம் என்பது அவள் எண்ணம். கையில் ஒரு தூக்கில் சேமியா பாயசம் இருந்தது.

(என் ஜன்னலுக்கு நேர் கீழே ஞானம்மாளின் ஹால். பேச்சு முழுக்கக் காதில் விழுந்தது. கண்ணால் பார்க்காததும் லத்தீஃபா மனதில் ஓடியதும் மட்டும் என் கைச்சரக்கு.)

“இன்னாடி, ஹாஜியம்மா வந்துட்டியா. உள்ள வா. அந்த பேன போடு மொதல்ல.”

லத்தீஃபா பாயசத்தை வைத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“அக்கா, பயணம் சொல்ல வந்துகீறேன். தெரிஞ்சோ தெரியாமலோ நான் எதனா செஞ்சிருந்தா மாப்பு பண்ணிடு.”

எல்லா வீட்டிலும் ‘நீ இன்னா செஞ்ச, போ’ என்றுதான் சொன்னார்கள். அடுத்ததாகக் காபி வந்தது. இங்கேயும் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஞானம்மாள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“எல்லாத்தயும் மன்னிச்சிட்டேன். ஒண்ண தவிர.”

லத்தீஃபா சிரித்தாள். ஞானம்மாள் சிரிக்கவில்லை.

“எதுக்கா அது?”

“நானே சொல்லிட்டா அப்புறம் நீ கேக்குற மாப்புக்கு இன்னா மரியாத? நீ யோசி.”

விளையாட்டு என்றால் இந்நேரம் அக்காவின் வாய் ஓரம் துடித்திருக்கும். மனிதர் மன்னிக்காததை ஆண்டவனும் மன்னிக்க மாட்டான் என்று போன வெள்ளிக்கிழமைதான் லத்தீஃபா பயான் சொற்பொழிவில் கேட்டிருந்தாள். இத்தனை வருடம் காத்திருந்து கிடைத்த பயணத்தில் ஒரு குற்றத்தைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவதா? அவள் யோசித்தாள். ரொம்ப யோசிக்கத் தேவையிருக்கவில்லை. ஒன்று தயாராக வந்து நின்றது.

“அந்த முருங்கக் கெளையாக்கா?”

“எந்த முருங்கக் கெள?”

“குவார்ட்டர்ஸ்ல உன் மரம் எங்க பக்கம் சாஞ்சு கம்பளிப்பூச்சியா கொட்டிச்சே. நீ ஊருக்குப் போயிருந்தப்போ இவர உட்டு நான்தான் வெட்டச் சொன்னேன். கரண்ட்டுக்காரங்க வெட்டிட்டாங்கனு உங்கிட்ட சொல்லிட்டேன்.”

ஞானம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நீயா? அடிப்பாவி. அந்த லைன்மேன் எத்திராஜ நான் இன்னா பேச்சு பேசினேன். அவன் தெருவுல கால் வெச்சாலே ஆரம்பிச்சிடுவேன். பாவம், வாயே தொறக்காம போவான் மனுசன்.”

“அதுதானேக்கா?”

“இது எனக்குத் தெரியவே தெரியாதுடி. இப்ப ரெண்டாச்சு.”

லத்தீஃபா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது. ஆனாலும் அந்த ஒன்று கிடைக்க வேண்டுமே. அடுத்ததை எடுத்தாள்.

“அப்ப துளசியா?”

“துளசிக்கு இன்னா?”

“நீ பொண்ணு பிரசவத்துக்குப் போயிட்டு மாசக்கணக்குல வரல. தண்ணி ஊத்தச் சொல்லிட்டுப் போன. நான் ஊத்தினேன். ரொம்ப ஊத்திட்டேன் போலகீது. அழுகிப் பூடுச்சு. பூந்தமல்லி நர்சரிக்குப் போயி அதே சைஸ்ல வேற ஒண்ணு வாங்கியாந்து வெச்சிட்டேன்.”

ஞானம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“அப்போ நான் இத்தினி வருசமா வெளக்கு வெச்சு சுத்தி வர்றது நீ வாங்கின செடியா?”

“ஆமாக்கா. கடக்காரன் வேற ஒரு செடி குடுத்தான். எல சின்னதா கீது, அக்காவுக்கு சந்தேகம் வந்துடும்னு நானே தேடி எடுத்தேன்.”

“நான் இல்லாதப்பவும் எப்பிடி தழதழனு கீது பாருன்னு தெருவுக்கே சொன்னேனேடி.”

“நானும்தான் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினேன்.”

ஞானம்மாளின் நாற்காலி குலுங்கியது. அவர் சிரிப்பை அடக்கப் பார்க்கிறார் என்று மாடியில் இருந்த எனக்கே தெரிந்தது. லத்தீஃபாவுக்கு அது கோபமாகத்தான் பட்டது. அவள் கண் பாயசத் தூக்கின் மேல் போயிற்று. மீதி இருந்தது ஒன்றுதான். அதை மட்டும் சொல்ல வேண்டியிருக்காது என்று அவள் நினைத்திருந்தாள்.

[இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். இதுவரை நல்ல சிரிப்புக் கதையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பேச்சை விட்டுவிடலாமா என்று பார்த்தேன். விட்டால் லத்தீஃபாவுக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியது.]

“அண்ணனுக்கு சக்கர வியாதினு தெரிஞ்சும்,” என்றாள் லத்தீஃபா, “ஊட்டுக்கு வரும்போதெல்லாம் பாயசம் குடுத்தேங்க்கா. ‘தங்கச்சி, அர கிளாசு’ம்பாரு. எனக்கு மனசு கேக்காது. முழு கிளாசா குடுப்பேன். அவரு போனதுலேருந்து நான் சேமியா வறுக்கும்போதெல்லாம் அந்த நெனப்புதான். அதுதானேக்கா? அதுதான்னு சொல்லிடு.”

அவள் அழுதுவிட்டாள். ஞானம்மாள் எழுந்து வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியதை இருமலாக்கி மறைத்தார்.

“உங்க ஊட்டுக்குப் போயிட்டு வந்தா அவரு சட்டையில ஏலக்கா வாசன வரும்டி. மோந்து பாத்துட்டு ஒண்ணும் கேக்க மாட்டேன். அடுத்த வேள சோத்த கொறச்சிடுவேன்.”

“தெரிஞ்சே உட்டியா?”

“இந்த ஊட்ல நான் அவருக்கு டாக்டரு. எங்கனா ஒரு எடத்துல மனுசனா இருக்கட்டுமேனு உட்டேன். நீ குடுத்ததாலதான் நான் குடுக்காம இருக்க முடிஞ்சுது. அதுக்குப் போயி அழுவுறியே.”

லத்தீஃபா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எத்தனையோ வருடமாக அவள் நெஞ்சில் இருந்த கல் சத்தமில்லாமல் இறங்கிவிட்டது. ஆனால் அடுத்த நிமிடமே அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“அப்ப அது இல்லியா?”

“அது இல்ல. மரத்தயும் செடியயும் மன்னிச்சிட்டேன். லைன்மேன்கிட்ட நான் பேசிக்கிறேன். பழசு ஒண்ணு அப்பிடியே கீது. நல்லபடியா போயிட்டு வா. வந்து கேளு, சொல்றேன்.”

பிறகு இருவரும் அந்தப் பாயசத்தைக் குடித்தார்கள். ஸ்பூன் சத்தம் கேட்டது.

4

அன்று சாயந்திரம் பூந்தமல்லி வீட்டில் லத்தீஃபா பெட்டியில் அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்து வைத்தாள்.

“ஒண்ண பாக்கி வெச்சுகினு எந்த மூஞ்சியோட அங்க போயி நிப்பேன்? நான் வரல. நீங்க போயிட்டு வாங்க.”

முத்தலிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் ஒரே மெசேஜுல எல்லாரயும் முடிச்சிட்டேன் பாரு. அத்தினி பேரும் படிச்சிட்டாங்க. நீல டிக்கு வந்துடுச்சு.”

“நீல டிக்கு மாப்பாயிடுமா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அக்கா வேணும்னே பண்ணுது லத்தீஃபா. அது ஒண்ணும் குத்தம் வெச்சுகினு இல்ல. நீ பத்திரமா திரும்பி வரணும்னு ஒண்ணப் புடிச்சு வெச்சிருக்குது.”

[வாசகரே, இதுதான் நான் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருந்த முடிவு. விமான நிலையத்தில், கண்ணீரோடு, லத்தீஃபாவுக்கே புரிவதாகத் திட்டம். இந்த மனிதர் நாலாம் பகுதியிலேயே பனியனோடு உட்கார்ந்து போட்டு உடைத்துவிட்டார்.]

“அக்காவுக்கு அவ்ளோ நெளிவு சுளிவெல்லாம் தெரியாது,” என்றாள் லத்தீஃபா. “மனசுல இருந்தா வாயில வந்துடும். இன்னாமோ கீது.” ஆனாலும் துணிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். அந்த ஒன்று என்ன என்று தெரியாமல் செத்துப்போவதைவிட, போய்விட்டு வந்து தெரிந்துகொள்வது மேல் என்று முடிவு செய்திருந்தாள். மதினாவில் கையேந்திக் கேட்கும் முதல் துவா ஞானம்மாளுக்காகத்தான் என்பதும் அப்போதே முடிவாயிற்று.

முத்தலிப் மட்டும் நீல டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தார். என் முறையும் வந்தது. பெட்டியைக் கலைத்து அடுக்கிய கதையை முதலில் சொன்னார்.

“தம்பி, உன் வண்டி சீட்டு தெச்சேன் பாரு. புது ஸ்பாஞ்சுனு சொன்னேன். பழசத்தான் திருப்பிப் போட்டு தெச்சேன். மாப்பு பண்ணிடுப்பா.”

அதற்குத்தான் கட்டைவிரல் காட்டியிருக்கிறேன். இரண்டாவது முறை, உட்கார்ந்து யோசித்து மன்னித்தேன். முதுகுவலி இருந்ததால் முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது.

5

லத்தீஃபா விமானம் ஏறிப் போனாள். தினமும் மக்காவில் இருந்து கூப்பிட்டாள். ஞானம்மாள் போனில் கேமரா ரிப்பேர் என்று சொல்லி, குரலை மட்டும் கொடுத்துச் சமாளித்தார்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெங்களூரில் இருந்து வந்திருந்த மகள் வித்யா சாப்பிடப் போயிருந்தாள். ஞானம்மாள் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வால்வு ரெண்டு தினுசு கீதாம் தம்பி. மாட்டுது ஒண்ணு, பன்னியது ஒண்ணு. பன்னினா நாளைக்கு லத்தீஃபா கட்டிப்புடிக்க ஒரு நிமிசம் யோசிப்பா. மாட்டுதே போடுங்கன்னுட்டேன்.”

“உங்க சாமி ஒண்ணும் சொல்லாதா?”

“உசுரக் காப்பாத்த வர்ற மாட்ட சாமி இன்னா சொல்லும்? அதுக்கும் சேத்து வெளக்கு வெச்சிடறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “தம்பி, ஒரு ஒதவி. அவ வந்து எறங்கினதும் ‘எதுக்கா அது’ன்னு கேப்பா. நான் இன்னா சொல்றது?”

“உண்மையைச் சொல்லிடுங்க.”

“உண்மை இன்னா? ஒண்ணுமே இல்லியே. அன்னிக்கி அவ என் மூஞ்சிய ரெண்டு நிமிசம் பாத்திருந்தா கண்டுபுடிச்சிருப்பா, எனக்கு ஒடம்பு சரியில்லனு. அதான் அவ மூஞ்சிய அவளயே பாக்க வெச்சேன்.”

முத்தலிப் சொன்னதும் தப்பு, நான் வைத்திருந்த முடிவும் தப்பு.

“நீ கத கட்றவனாச்சே,” என்றார். “ஒண்ணு கட்டிக் குடு.”

எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உற்சாகமாக ஆரம்பித்தேன்.

“வித்யாவுக்கு வந்த நல்ல வரன் ஒண்ண அவங்க கலைச்சிட்டாங்கன்னு வெச்சுக்கலாமா?”

“யாரு, லத்தீஃபாவா? வித்யா கல்யாணத்துக்கு அவ ஊட்டு நிச்சயத்தயே தள்ளி வெச்சிட்டு வந்து பந்தி பாத்தவடா அவ.”

“உங்களப் பத்திப் பின்னாடி பேசினாங்க?”

“பேசினா மறுநாளு எங்கிட்டயே வந்து சொல்லிடுவா, பேசினேன்னு.”

“சார் இறந்தப்போ உங்களக் கண்டுக்கவே இல்ல?”

“வாயக் கழுவு. என்னக் குளிப்பாட்டி, தல தொவட்டி, வாயில கஞ்சி ஊத்தினது யாரு?”

“சரி, சின்னதா ஒண்ணு. உங்க தோசக்கல்ல வாங்கிட்டுப் போயி திருப்பியே தரல.”

“அது அவ கல்லு. நான்தான் தரல.”

பெரிய பாவத்தில் இருந்து சின்னப் பாவம்வரை இறங்கிப் பார்த்தேன். ஒன்றையும் அவர் லத்தீஃபாமேல் ஒட்டவிடவில்லை. குற்றம் கண்டுபிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டவரே வக்கீலாகவும் வாதாடினால் நான் என்னதான் செய்வேன்?

“நான் வெளிய வந்துட்டா நானே எதனா சொல்லி சமாளிச்சிடுவேன்,” என்றார். “வரலன்னா நீதான் சொல்லணும். ஒண்ணுமே இல்லன்னு மட்டும் சொல்லிடாத. அப்பிடிச் சொன்னா அவ ஏங்கி ஏங்கியே படுத்துடுவா. எதனா ஒண்ணு இருந்துச்சு, அத மனசுலயே வெச்சுகினு போயிட்டா கெழவினு சொல்லு. கோவம் வரும் அவளுக்கு. கோவம் வந்தா என்னத் திட்டிகினே ரெண்டு வாய் சாப்ட்டுடுவா.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி மெட்ரோ தூண்களைப் பார்த்தேன்.

“அந்தத் தோசக்கல்லுக்கு எண்ண தடவி வை,” என்றார் பின்னாலிருந்து. “துரு ஏறிடும். அவகிட்ட குடுத்துடாத. அத நான் வந்து குடுக்கறேன்.”

6

நாளைக் காலை ஆபரேஷன். அடுத்த வாரம் லத்தீஃபா வருகிறாள். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஞானம்மாள் வீட்டுக்கு வந்துவிடுவதாக ஒரு முடிவு எழுதலாம். எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. தோசைகூடச் சுட்டார்கள். ஆனால் நாளைக்கு நடக்க வேண்டியதை இன்றைக்கே எழுதிவைக்கக் கை கூசுகிறது. அடித்துவிட்டேன். இன்னொரு முடிவை நான் எழுதப் போவதில்லை. எழுத்தாளனுக்கு அந்த அளவுக்காவது நாகரிகம் இருக்க வேண்டும்.

ஆகவே வாசகரே, உங்களிடம் நான் கேட்பது முடிவு அல்ல, ஒரு குற்றம். லத்தீஃபா செய்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஞானம்மாள் கேட்டால் ‘அவளா?’ என்று எதிர்க்கட்சி பேசாததாக இருக்க வேண்டும். கேட்டதும் கோபம் வர வேண்டும், சோறு தொண்டையில் இறங்க வேண்டும். நான் நேற்றிலிருந்து தேடுகிறேன். இத்தனை கதைகளில் இத்தனை பேரைக் கொலைகாரர்களாகவும் திருடர்களாகவும் ஆக்கிய என்னால் இந்த ஒரு பெண்மேல் ஒரு சின்னத் தப்பை வைக்க முடியவில்லை.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் குமணன்சாவடிக்கு வந்து சொல்லுங்கள். தேவைப்படாமலே போய்விட்டால் இன்னும் நல்லது. வந்ததற்குத் தோசை சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதுவரைக்கும் இந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் திறந்தே வைக்கிறேன்.

‘லத்தீஃபாக்கா, அந்த ஒண்ணு இன்னான்னா,